பிளஸ் மைனஸ் பாயும் என் கருகிய போர்டும்

திருத்தணியில் முருகனுக்கு அடுத்தபடியாக ஜனங்கள் அதிகம் வேண்டிக்கொண்டு போய் நின்ற இடம் பிளஸ் மைனஸ் பாயின் கடைதான். இரண்டு இடத்திலும் வரம் கிடைக்கும். ஒரே வித்தியாசம், முருகன் நின்ற இடத்தில் நிற்பார். பாய் நிற்கமாட்டார்.

அவருடைய நிஜப் பெயரை நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. மிக்ஸி, மோட்டார், கல்யாண வீட்டு சீரியல் லைட் என்று எதைக் கொண்டுபோனாலும் அவருடைய முதல் கேள்வி, “பிளஸ் எங்க? மைனஸ் எங்க?” என்பதுதான். ஒருமுறை பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவரிடமும் பழக்கதோஷத்தில் அதையே கேட்டுவிட்டார். பிறகு, “பொண்ணு ஊடு எங்க, மாப்ள ஊடு எங்கன்னு கேட்டம்பா” என்று சமாளித்தார்.

உட்கார்ந்து வேலை செய்வது அவருக்கு ஆகாது. கையில் போர்டைப் பிடித்தபடி தன் கடைக்கும் எதிர்ப்பக்க டீக்கடைக்கும் நடந்துகொண்டே யோசிப்பார். நடுவில் அரக்கோணம் ரோடு. அவர் தலை தெரிந்தாலே பஸ் டிரைவர்களின் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும்.

நான் வயலுக்கு மருந்தடிக்கும் டிரோன் ஓட்டுகிறவள். சென்னையில் பயிற்சி முடித்துவிட்டு வந்த முதல் வருடம், கே.ஜி.கண்டிகையைச் சுற்றி எனக்கு ஏக மரியாதை. அந்த சம்பாவில்தான் நெல்லில் புகையான் விழுந்தது. வட்டம் வட்டமாகப் பயிரைத் தீய்த்துவிடும் பூச்சி. இன்றைக்குத் தாம்பாளம் அளவு இருக்கும் வட்டம், நாளைக்குக் களத்துமேடு அளவு ஆகிவிடும். கனகம்மாசத்திரம் பக்கத்தில் எங்கள் பாவாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, நாலு ஏக்கர். “நாளைக்குக் காலைல மருந்து அடிச்சாதான் மிஞ்சும். உன்னத்தான் நம்பிகினு கீறேன்” என்று போனில் சொல்லிவிட்டார்.

அதே நாள் காலையில் டிரோனில் ஒரு கம்பி அறுந்துபோனது. டிரோனுக்கு மூளை மாதிரி ஒரு போர்டு உண்டு. ஃபிளைட் கன்ட்ரோலர் என்பார்கள். பேட்டரியின் மின்சாரத்தை ஐந்து வோல்ட்டாகக் குறைத்து அதற்கு ஊட்டுகிற மெல்லிய கம்பி அது. சான்றிதழ் வாங்கியவள் ஆயிற்றே! நானே பற்றவைத்து, அதே வேகத்தில் பேட்டரியைச் செருகினேன். ‘ட்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். ஊதுவத்திப் புகை மாதிரி ஒரு இழை மேலே போனது. வயலில் மட்டுமல்ல, என் டிரோனிலும் புகையான் விழுந்துவிட்டது.

டிரோனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

“பிளஸ் எங்க? மைனஸ் எங்க?”

“எல்லாம் கரெக்டாத்தான் குடுத்தேன் பாய். தானா போயிடிச்சு.”

“தானா போறதுக்கு அது இன்னா காக்காவா?” போர்டைக் கழற்றி மூக்கருகே வைத்து மோந்தார். “உம்மைய சொன்னாத்தான் கை வெப்பேன். டாக்டராண்ட பொய் சொன்னா, நோவு ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம் ஆயிடும்.”

சொல்லிவிட்டு டீக்கடைக்கு நடக்க ஆரம்பித்தார். நான் பின்னாலேயே போனேன். திரும்பினார், திரும்பினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாவா போன் செய்தார். வட்டம் பெரிசாகிக்கொண்டே போகிறதாம். மூன்றாவது முறை ரோட்டைக் கடக்கும்போது என்னால் தாங்க முடியவில்லை.

“பாய், செவப்பையும் கறுப்பையும் மாத்தி வெச்சுட்டேன்!”

பாய் நின்றுவிட்டார். நடுரோட்டில். அவர் அசையாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். எங்களுக்குப் பின்னால் ஒரு கரும்பு லாரியும் நின்றது.

“ஆங்! இத மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு டீ மிச்சம்” என்றார்.

கடைக்குள் போனதும், ஒருவேளை பிழைத்திருக்குமோ என்ற நப்பாசையில், “இன்னொரு வாட்டி பேட்டரி போட்டுப் பாக்கலாமா பாய்?” என்றேன்.

“தொடாத! செத்துச்சான்னு பாக்க இன்னொரு வாட்டி கொல்லுவாங்களா?”

போர்டில் மாட்டியிருந்த ஜிபிஎஸ், ரிசீவர் எல்லாவற்றையும் உருவி எடுத்தார். தனியாக நின்ற போர்டின் பிளஸ்ஸிலும் மைனஸிலும் மீட்டரை வைத்தார். ‘கீ’ என்று கத்தியது. உள்ளே எங்கோ இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூதக்கண்ணாடியோடு வாசலுக்கும் மேஜைக்கும் நடந்து கடைசியில் கண்டுபிடித்தார்: கடுகளவு சில்லு ஒன்று வயிறு வெடித்துக் கிடந்தது.

“இவன் காவக்காரன். தப்பா கரென்ட் வந்தா தான் செத்து மத்தவன காப்பாத்தணும். செத்துட்டான். ஊட்டுக்காரன் உயிரோட கீறானான்னு பாப்போம்.”

சூடு காட்டிச் சில்லை எடுத்தார். மீட்டர் வாயை மூடிக்கொண்டது. பழைய போர்டு ஒன்றிலிருந்து அதே மாதிரி சில்லை எடுத்து அங்கே ஒட்டினார். பிறகு ஐந்து வோல்ட் வரும் பாதையில் ஒரு டார்ச் பல்பைச் சேர்த்தார். உள்ளே இன்னும் கோளாறு இருந்தால் மின்சாரத்தைப் பல்பே விழுங்கிக்கொண்டு பளிச்சென்று எரியும். போர்டுக்கு ஒன்றும் ஆகாது. பல்பு ஒருமுறை மினுக்கி மங்கியது. போர்டில் பச்சை விளக்கு கண் திறந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. “அதுக்குள்ள இன்னா? ஒண்ணொண்ணா மாட்டணும்.”

ரிசீவரை மாட்டினார், பல்பு மங்கலாகவே இருந்தது. ஜிபிஎஸ்ஸை மாட்டினார், பல்பு பளிச்சென்று எரிந்தது. அது போய்விட்டது. நல்ல வேளையாக அவருடைய டப்பாவில் அதே மாதிரி பழசு ஒன்று கிடந்தது.

மறுநாள் காலை நான் வயலுக்குப் போனால், எனக்கு முன்னால் பாய் வரப்பில் நடந்துகொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. “உன் மேல நம்பிக்க இல்லாம வல்ல. கம்பி மேல நம்பிக்க இல்ல” என்றார். இறக்கைகளைக் கழற்றச் சொல்லி, மோட்டார்கள் சரியான பக்கம் சுற்றுகின்றனவா என்று பார்த்த பிறகே மாட்டவிட்டார். டிரோன் கிளம்பிய சத்தத்தில் பம்பு செட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். பறக்கிற டிரோனுக்கே வைத்தியம் பார்த்த மனிதருக்கு, தலைக்கு மேல் எதுவும் பறந்தால் பயம்.

மருந்து அடித்து முடித்தோம். ஓரத்தில் அரை ஏக்கர் போச்சு, மிச்சம் நின்றது. பாவா பம்பு செட்டுக்குப் போய் பாயைப் பிடித்துக்கொண்டார்.

“நேத்து இன்னாதான் ஆச்சு பாய்? இவ எதுனா தப்பு பண்ணாளா?”

நான் ரிமோட்டைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

“எலி கடிச்சிருந்திச்சு நைனா” என்றார் பாய்.

“எலியா!”

“ஆங். நல்லா படிச்ச எலி.”

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சேற்றில் தொப்பு தொப்பென்று மொபெட்டை நோக்கி நடந்துவிட்டார்.

போன மாதம் அவருக்கு அரக்கோணத்தில் கண் ஆபரேஷன். கடை பத்து நாள் மூடியிருந்தது. பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் கிடந்தார். கால்கள் மட்டும் போர்வைக்குள் நடந்துகொண்டிருந்தன. “சும்மா கெடக்க சொல்றாங்கம்மா. இது ஒரு வைத்தியமா?” என்றார்.

பாய் கடை மூடியிருந்த அந்தப் பத்து நாளும் மருந்தடிக்க வரச்சொல்லி எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள். “காத்து ஜாஸ்தியா கீதுங்க, டிரோன் தூக்க முடியாது” என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஓர் இலைகூட அசையாத பத்து நாட்கள் அவை.