போனுக்கு ஒரு மண்டல வைத்தியம்

உமாபதி ஒரு பெரிய தீர்மானத்துக்கு வந்தார். இனி நடப்பதில்லை. நடப்பது போனின் வேலை.

பத்தாங் பெர்ஜுந்தாய் என்ற ஊரில், அவர் வீட்டு முன்னறையில், ஆடிக்கொண்டிருந்த ஒரு தொட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டு எடுத்த தீர்மானம் அது. அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மனிதரைச் சோம்பேறி என்று நினைத்துவிடுவீர்கள். சோம்பேறிதான். ஆனாலும் விவரம் தெரிந்துகொண்டு நினைப்பது நல்லது.

ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். அவர் உடம்பில் சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போனது. கடைசியாகப் போனபோது கிளினிக் டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அடுத்த பரிசோதனையிலும் இப்படியே இருந்தால் ஊசிதான், தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று. உமாபதிக்கு ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே கை மரத்துப்போகும். அவர் மனைவி அமராவதிக்கு வேறு பயம். அவளுடைய அண்ணன் இதே சர்க்கரையில் ஒரு காலை இழந்தவர்.

கிளினிக்கிலிருந்து திரும்பி வீட்டுக்குள் கால் வைத்ததும் அவள் சட்டம் போட்டாள். மகள் ஷாமளா அப்பாவுக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்திருந்தாள். நடையைக் கணக்குப் பார்க்கும் செயலி ஒன்று அதில் உண்டு. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால், திரையில் ஒரு வட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையாகும்.

"வட்டம் முழுசாப் பச்சையான அன்னிக்கு ஒரு ரொட்டி சானாய், பால் ஊத்துன தே. ஆகலைன்னா தே ஓ கோசோங்தான்."

"பாலும் இல்ல, சீனியும் இல்ல. அதுக்குப் பேரு தேத்தண்ணியா? கலர் மாறுன சுடுதண்ணி லா அது."

"அப்ப நடங்க."

இரண்டு நாள் நடந்தார். எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிய லோரிகள் அவர்மேல் புழுதியை வாரிப் போட்டுவிட்டுப் போயின. ஒரு நாய் வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டது. மூன்றாம் நாள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு போனையே பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

நிமிர்த்திப் பிடித்தால் படம் நிமிர்கிறது. சாய்த்தால் சாய்கிறது. நடந்தால் எண்ணுகிறது, நின்றால் நிறுத்திக்கொள்கிறது. ஒருவன் உட்கார்ந்திருக்கிறானா நடக்கிறானா என்று பைக்குள் கிடக்கும் ஒரு கண்ணாடித் துண்டுக்கு எப்படித் தெரியும்? தேடிப் பார்த்தார். உள்ளே அரிசி மணியைவிடச் சின்னதாக ஒரு சில்லு இருக்கிறதாம். அதற்குள்ளே மயிரிழையில் தொங்குவதுபோல் ஒரு துணுக்கு. உலகம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அதற்கு எந்நேரமும் தெரியுமாம். உமாபதிக்கு உடம்பு சிலிர்த்தது. சாமி சந்நிதியில்கூட அவர் அப்படி வாயடைத்து நின்றதில்லை.

பக்தி முற்றிய பிறகுதான் அவருக்குப் புத்தி வேலை செய்தது. அந்தச் சில்லுக்குத் தெரிந்தது ஆட்டம் மட்டும்தான். ஆட்டியது யாருடைய கால் என்று அதற்குத் தெரியாது!

ஷாமளா வேலைக்குப் போகும்போது கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போவாள். பேத்திக்காக முன்னறையில் ஒரு மின்தொட்டில் இருந்தது. சாரோங் துணியைக் கட்டி ஸ்பிரிங்கில் மாட்டி விசையைத் தட்டினால், மோட்டார் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். காலையில் அமராவதி குழந்தையைக் குளிப்பாட்டப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போனாள். உமாபதி போனைக் காலித் தொட்டிலில் படுக்கவைத்து விசையைத் தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் வட்டத்தில் கால்வாசி பச்சை.

"தாயே!" என்று தொட்டிலைக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்போது எடுத்ததுதான் நாம் முதலில் பார்த்த அந்தத் தீர்மானம்.

அதன்பிறகு தினமும் குழந்தை குளித்தது, போன் நடந்தது, உமாபதி ரொட்டி சானாய் சாப்பிட்டார். அமராவதி சந்தேகப்படக்கூடாதே என்று முகத்தில் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வாசலில் நின்று மூச்சு வாங்குவார். வேலிக்கு அந்தப் பக்கம் பழைய லோரி டிரைவர் அர்ஜுனன். அவரிடம் மட்டும் ரகசியத்தைச் சொல்லிவிட்டார். சாமர்த்தியத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் அது என்ன சாமர்த்தியம்?

"படுத்துக்கிட்டே நடக்குறேன்ணே. எப்படி ஐடியா?"

"உன் வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"அவளுக்கு என்னண்ணே தெரியும்? போன்ல வாட்சப்பத் தவிர வேற ஒண்ணும் தெரியாது."

அர்ஜுனன் "சரி லா" என்று சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

ஒரு நாள் தொட்டில் ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது. வட்டம் மட்டும் அசையவில்லை.

உமாபதி போனை அணைத்துப் போட்டார். உறையைக் கழற்றிப் பார்த்தார். மேசைமேல் தட்டையாக வைத்தார், குலுக்கினார், ஊதினார், பல் துலக்கும் பிரஷ்ஷால் ஓரமெல்லாம் துடைத்தார். படம் நிமிர்கிறது, சாய்கிறது. வட்டம் மட்டும் பிணம். கடைசியாகக் கொஞ்சம் திருநீறும் பூசினார். சாயங்காலம் தே ஓ கோசோங் வந்தது. வேறு வழியில்லாமல் மனைவியிடம் சொன்னார்.

"போனு நடக்க மாட்டேங்குது."

"அடடா! நீங்க நடந்துமா?"

"ம்... நடந்தும்தான்."

"ஷாமளா ஆசையா வாங்கிக் குடுத்தது. குடுங்க, மாதவிகிட்ட கேட்டுட்டு வரேன்."

மாதவி கடைத்தெருவில் போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவள். ஊரில் செத்துப்போன போன்களெல்லாம் அவள் கையில்தான் எழுந்து உட்காரும். அமராவதி போய்விட்டு வந்து, மருந்துச் சீட்டைப் படிப்பவள்போல் சொன்னாள்.

"உள்ள இருக்குற சில்லுக்குத் திசை கொழம்பிப் போச்சாம். ரொம்ப ஆட்டம் கண்டிருக்காம்."

உமாபதியின் கண் தானாகத் தொட்டில் பக்கம் போய்த் திரும்பியது.

"எப்படி ஆட்டம் கண்டுச்சுன்னு தெரியல," என்றாள் அமராவதி.

"என்னதான் வழி?"

"எட்டு போடணும். அதுக்கு எட்டு போட்டுக் காட்டுனாத்தான் திசை திரும்பி வருமாம். நான் பொய் சொல்றேன்னா நீங்களே தேடிப் பாருங்க."

தேடினார். உண்மைதான். போனின் திசை குழம்பினால் எட்டு வடிவத்தில் அசைக்கவும் என்று எழுதியே இருந்தது. உமாபதி மறுபடியும் சிலிர்த்துப்போனார்.

"பந்தாடுற திடல்ல ரெண்டு கோல்கம்பம் இருக்குல்ல? அதச் சுத்திப் பெருசா எட்டு போட்டு நடக்கணும். விடிஞ்சதும் வெயிலுக்கு முன்னாடி. போன உள்ளங்கையில தட்டையா வச்சுக்கணும், வட்டம் பச்சையாகுற வரைக்கும் நிக்கக்கூடாது. இப்படி ஒரு மண்டலம்."

"மண்டலமா? போனுக்கா?"

"வேணாம்னா விடுங்க. தே ஓ கோசோங்கும் ஒடம்புக்கு நல்லதுதான்."

மறுநாள் விடியும்போது உமாபதி திடலில் நின்றார். கற்பூரத் தட்டை ஏந்துவதுபோல் போனைக் கையில் ஏந்திக்கொண்டு நடக்கத் தொடங்கினார். இந்தக் கம்பத்தைச் சுற்றி, நடுவில் குறுக்கே வந்து, அந்தக் கம்பத்தைச் சுற்றி. என்ன அதிசயம்! வட்டத்தில் பச்சை துளிர்த்தது. வீட்டுக்கு வந்ததும் அமராவதி போனை வாங்கி மின்னேற்றத்தில் போட்டாள். அவள் குழந்தையைக் குளிப்பாட்டப் போனதும், உமாபதி ஆசையோடு தொட்டிலில் போட்டுப் பார்த்தார். ம்ஹூம். திடலில் உயிரோடு இருந்தது வீட்டில் மறுபடியும் பிணம்.

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். சில்லு தேறிக்கொண்டு வருகிறது, திறந்த வெளியில் மட்டும் இப்போதைக்கு மூச்சு விடுகிறது. மண்டலம் முடிந்தால் தொட்டிலிலும் வேலை செய்யும். அப்புறம் ஆயுசு முழுக்க நடக்க வேண்டியதில்லை. அந்த நம்பிக்கையில் எந்தப் பக்தனும் அவரைப்போல் நடந்திருக்க மாட்டான். மழை தூறிய நாளில் போனுக்கு மட்டும் குடை பிடித்துக்கொண்டு நடந்தார்.

அர்ஜுனன் வந்து பார்த்தார்.

"என்னப்பா, படுத்துக்கிட்டே நடக்குறேன்னே?"

"போனு ரிப்பேர்ணே. வைத்தியம் நடக்குது."

"என் போனுலயும் மேப்பு திசை தெரியாமச் சுத்துது," என்று அவரும் போனை ஏந்திக்கொண்டு பின்னால் சேர்ந்துகொண்டார். கோயிலுக்குப் போகும் பெண்கள் நின்று பார்த்துவிட்டு, ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்கள். உமாபதி கவனிக்கவில்லை. அவர் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பனைத் தோட்டத்தின்மேல் பனி கலைந்து வெளிச்சம் இறங்கியது. புல்லில் கொக்குகள் அவருக்கு வழிவிட்டு நடந்தன. இந்த ஊரில் இவ்வளவு ஆகாயம் இருக்கிறதா என்று அவருக்கு வியப்பாக இருந்தது. இத்தனை காலம் இதை யார் மறைத்து வைத்திருந்தார்கள் என்று தெரியவில்லை. மூச்சு வாங்குவதுபோல் நடிக்க வேண்டியிருக்கவில்லை. அப்புறம் அப்புறம் மூச்சே வாங்கவில்லை.

மண்டலம் முடிகிற வாரத்தில் கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் முடிவைப் பார்த்தார், உமாபதியைப் பார்த்தார், திரும்பவும் முடிவைப் பார்த்தார்.

"என்ன சார் செஞ்சீங்க? ஊசியெல்லாம் வேணாம். இப்படியே இருங்க."

அமராவதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உமாபதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தன்னை நடக்கவைக்க அவள் பட்ட பாடென்ன, கடைசியில் தான் போனுக்காக நடந்ததில் சர்க்கரை இறங்கியதென்ன! பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. திரும்பும் வழியில் கடைத்தெருவில் காரை நிறுத்தி, அவளைக் காரிலேயே உட்காரவைத்துவிட்டு, நன்றி சொல்ல மாதவி கடைக்குள் நுழைந்தார்.

"மாதவி, உன் வைத்தியம் பலிச்சிருச்சும்மா. எட்டு போட்டு எட்டு போட்டு சில்லு தேறிருச்சு. ஆனா வீட்டுக்குள்ள மட்டும் இன்னும் கொஞ்சம் மக்கர்."

"எந்த எட்டுண்ணே?"

"திடல்ல கோல்கம்பத்தச் சுத்தி..."

மாதவி அவர் போனை வாங்கினாள். மணிக்கட்டை லேசாகத் திருப்பி, நின்ற இடத்திலேயே காற்றில் ஒரு சின்ன எட்டு போட்டாள்.

"இவ்ளோதாண்ணே எட்டு. இதும் திசைகாட்டிக்குத்தான். நடக்குறத எண்ணுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல." திரையில் எதையோ தள்ளிப் பார்த்தாள். "உங்க போனுக்கு ஒரு கோளாறும் இல்ல. எண்ணுறதுக்கு அனுமதி குடுக்குற சுவிச்ச யாரோ அடைச்சு வச்சிருக்காங்க."

"யாரு?"

"அக்காதான் ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே ஒரு நாள் வந்து, அது எங்க இருக்கு, எப்படித் தொறக்குறது, எப்படி அடைக்கிறதுன்னு கேட்டுக்கிட்டுப் போனாங்க. வேற எதுவும் கேக்கலையே."

உமாபதி கடை வாசலுக்கு வந்து நின்றார். காருக்குள் அமராவதி அமைதியாக உட்கார்ந்து வாட்சப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் விடியலில் போனை எடுத்துக் கையில் கொடுத்தவள் அவள். திரும்பி வந்ததும் மின்னேற்றத்தில் போட வாங்கிக்கொண்டவளும் அவள்தான். அரிசி மணிக்குள் அடங்கிய அதிசயத்தைக் கண்டு இத்தனை நாள் சிலிர்த்தோமே, இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் இந்த அதிசயத்தை எந்தச் சில்லுக்குள் அடக்குவது என்று அவருக்கு மலைப்பாக இருந்தது. கோபம் வருமா என்று காத்துப் பார்த்தார். வரவில்லை.

காரில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"பாப்பா என் இடுப்புல இருக்கு. முன்னறையில தொட்டில் ஆடுற சத்தம் கேக்குது. அதுல யாரு தூங்குறாங்கன்னு எட்டிப் பாத்தேன்."

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே."

"எங்கண்ணன்கிட்ட கேட்டேன். கெஞ்சுனேன், அழுதேன். நடக்கல. ஆம்பளைங்க ஒடம்புக்குன்னா நடக்க மாட்டீங்க. ரிப்பேருன்னாத்தான் நடப்பீங்க."

உமாபதி காரைக் கிளப்பினார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தோற்றவன் கடைசியாக ஒரு தடவை முயன்று பார்க்கும் குரலில் கேட்டார்.

"சரி. எல்லாம் தெரிஞ்சுபோச்சு. போனும் கெடல. அப்ப நாளைக்குத் திடலுக்குப் போக வேணாம் இல்ல?"

அமராவதி தன் கைப்பையைத் திறந்தாள்.

"உங்க போனு சரியாப் போச்சு," என்றாள். "நேத்திலேர்ந்து என் போனுதான் நடக்க மாட்டேங்குது."

மறுநாள் விடியலில் உமாபதி திடலில் எட்டு போட்டுக்கொண்டிருந்தார், இரண்டு உள்ளங்கையிலும் இரண்டு போன்களோடு.