மூன்று யாக்குமிஸ்களும் ஒரு மொட்டைப் பாறையும்

பிரேயஸ், ஆகஸ்ட் 19

ஸ்டுட்கார்ட் நகரில் இயந்திரங்களுக்கு நடுவே நேரத்துக்குச் சாப்பிடாமல் இளைத்துக் கிடக்கும் என் அருமை மருமகன் யாக்குமிஸுக்கு, உன் தாய்மாமன் அர்கிரிஸ் கூவராஸ் இரு கன்னத்திலும் முத்தமிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். இந்த வரியை வழக்கத்துக்காக எழுதவில்லை. போன வாரம் ஒரு மத்தியானம் இதை எழுத முடியுமா என்றே எனக்குத் தெரியாமல் இருந்தது. நீயும் அங்கே அப்படியே உயிரோடும் கூடுதலாகக் கொஞ்சம் சதையோடும் இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். நேற்றல்ல, முந்தாநாளல்ல, இருபத்தாறு வருஷத்துக்கு முன்பே சொன்னேன். என் மகனுக்குத் தாத்தா பெயரை வைத்தாகிவிட்டது, முறைப்படி சரி. பிறகு என் தம்பியும் தன் மகனுக்கு அதே யாக்குமிஸ் பெயரை வைக்கப் போனபோது, தேவாலயத்தில், பிள்ளையைத் தண்ணீரில் முக்கும் அந்த நிமிஷத்தில், "ஒருநாள் இந்தப் பேராலேயே நம்ம குடும்பத்துக்கு ஆபத்து வரும்" என்றேன். பாதிரியார் சாட்சி. பாவம், அவர் இறந்துவிட்டார். உன் அம்மாவும் கேட்காமல் உனக்கும் அதையே வைத்தாள். பெயருக்குரிய புனிதரின் திருநாள் வந்தால் ஒரே கேக்கில் நாலு பேரை முடித்துவிடலாம் என்பதைத் தவிர இதில் என்ன லாபம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இத்தனைக்கும் நான் பெட்டிக்கடை வைத்திருப்பவன், கடை முன்னால் தொங்கும் பதினான்கு பத்திரிகைகளையும் தினமும் படிக்கிறவன். முதல் பக்கம் மட்டும்தான் வெளியே தெரியும் என்றாலும், உள்ளே இருப்பதை ஊகிக்கிற அளவுக்கு அறிவு இருக்கிறது.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே கேள்வி கேட்பாய். கடிதத்தில் முடியாது.

நக்ஸோஸ் தீவுக்குப் புறப்படும் முன் நீ மூன்று நிபந்தனை போட்டாய். எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: "மாமா, தாத்தாவைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போங்க, எண்பத்தொரு வயசுல அவருக்கு அதுதான் ஆசை. ஆனா ரெண்டு மணி மாத்திரை தவறக் கூடாது, வெயில்ல நிக்க விடக் கூடாது, தனியா விடவே கூடாது. உங்க பொறுப்பு." நான் நெஞ்சைத் தட்டிச் சொன்னேன், "கடற்படையில இருந்தவன்கிட்ட சொல்றியா?" என்று. சமையல்கட்டில்தான் இருந்தேன் என்று உன் அத்தை கலியோப்பி பின்னாலிருந்து கத்தினாள். சமையல்கட்டும் கப்பலில்தானே இருந்தது?

முதல் நாலு நாள் சொர்க்கம். ஐந்தாம் நாள் 'மரிகோ' என்ற படகில் ஒருநாள் உலாவுக்கு ஏறினோம். காலையில் ஒரு மொட்டைப் பாறையில் குளியல், மத்தியானம் பக்கத்துத் தீவில் மீன் சாப்பாடு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவது என்று ஏற்பாடு. ஏறும்போதே என் இடது முழங்கால் குத்தியது. வடக்கன் காற்று வரப்போகிறது என்று கப்பல்காரர் நிகீதாஸிடம் சொன்னேன். அவர் தன் கருவியைப் பார்த்து, "சாயங்காலம்தான் ஏறும்" என்றார். கருவிக்கு முழங்கால் உண்டா? அவர் மகள் தெஸ்பினா கையில் பெயர்ப் பட்டியல் வைத்திருந்தாள். யாக்குமிஸ் கூவராஸ், யாக்குமிஸ் கூவராஸ், யாக்குமிஸ் கூவராஸ் என்று மூன்று வரி. "ஒரே ஆளுக்கு மூணு சீட்டா? அவ்ளோ பெரிய ஆளா?" என்று கேட்டாள். என் மகன் தொந்தியோடு முன்னால் வந்து நின்றதும், "ஓ, சரிதான்" என்றாள். பெரிய யாக்குமிஸ் பற்றித் தெரியுமே உனக்கு, அவன் கோபித்துக்கொள்ள மாட்டான், தின்பதற்கு ஏதாவது கொடுத்தால் போதும். என் தம்பி மகன் ஒல்லி யாக்குமிஸ் சிரித்துச் சிரித்துக் கடலில் விழப் பார்த்தான். தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. "மூணும் என் பேருதான். மத்த ரெண்டும் இரவல்" என்றார்.

அந்தப் பாறைக்கு மீனவர்கள் வைத்த பெயர் கழுதைமுதுகு. மரம் இல்லை, நிழல் இல்லை, தண்ணீர் இல்லை, கழுதையும் இல்லை. படகின் மூக்கை ஒட்டி நிறுத்தி, பலகை போட்டு இறக்கினார்கள். தாத்தா தன் பையைப் படகின் பின்பக்கப் பெஞ்சில் வைத்து, அதன் மேல் தொப்பியை வைத்துவிட்டு இறங்கினார். மாத்திரை, போன், கண்ணாடி எல்லாம் பைக்குள். இதைக் கவனித்துக்கொள். முப்பத்தெட்டு வருஷம் இழுவைப் படகில் கரி அள்ளிய மனிதர், பாறையைக் கண்டதும் இருபது வயசுப் பிள்ளை மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார். பாறைக் குழிகளில் அலைத்தண்ணீர் காய்ந்து உப்பாகப் பூத்திருக்குமே, அதைச் சுரண்டத்தான். கடை உப்பு உப்பே இல்லை என்பது அவர் கட்சி.

பன்னிரண்டரைக்கு ஊதல் ஊதினார்கள். எல்லோரும் ஏறினோம். தெஸ்பினா தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல் பெயர் வாசித்தாள். முதல் யாக்குமிஸ் கூவராஸுக்கு ஒல்லிப்பயல் "இருக்கேன்" என்றான். இரண்டாவதுக்கு என் மகன் தர்பூசணியைக் கடித்துக்கொண்டே "இருக்கேன்" என்றான். மூன்றாவது முறை வாசித்தபோதும் அதே தர்பூசணி வாய் இன்னொரு தரம் "இருக்கேன்" என்றது. தன்னைத்தான் மறுபடி கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டான், மடையன். இவ்வளவுதான் நடந்தது. ஒரு கடி தர்பூசணியில் குடும்பத் தலைவரைப் பாறையில் விட்டுவிட்டுப் படகு புறப்பட்டது. நான் அப்போது முன்பக்கம், லியோனிலிருந்து வந்த ஒரு பிரெஞ்சு தம்பதிக்கு, நான் கடற்படையில் தனி ஆளாக ஒரு புயலைச் சமாளித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு நம் மொழி தெரியாது. ஆனாலும் அந்த அம்மாள் கண்ணீர் விட்டாள். வெயிலால் என்கிறாள் உன் அத்தை.

ஒன்றே முக்காலுக்குப் பக்கத்துத் தீவின் விரிகுடாவில் நங்கூரம். மீன் வாசனை. உன் அத்தை தாத்தாவுக்கு என்று முள் எடுத்து ஒரு தட்டில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனாள். தூங்குகிறார் என்று நினைத்துத் தொப்பியை மெதுவாகத் தட்டினாள். தொப்பி சாய்ந்தது. அடியில் பை மட்டும் இருந்தது.

"ஏங்க! உங்க அப்பா எங்க?"

"தூங்கறாரு, சத்தம் போடாதே."

"தொப்பி தூங்குது! ஆளு எங்கன்னு கேக்கறேன்!"

மருமகனே, படகில் கழிவறை ஒன்று, சமையலறை ஒன்று, எஞ்சின் அறை ஒன்று. மூன்றையும் நாலு தடவை தேடினோம். ஐந்தாம் தடவை யாரும் தேடவில்லை. என் மகன் கையிலிருந்த முள்கரண்டி விழுந்தது. அவன் கையிலிருந்து அப்படி ஒன்று விழுந்து நான் பார்த்ததே இல்லை.

தாத்தாவின் பைக்குள்ளிருந்து போன் அடித்தது. மணி சரியாக இரண்டு. நீ.

அன்றைக்கு நாம் பேசியது உனக்கும் ஞாபகம் இருக்கும். "தாத்தா மாத்திரை போட்டாரா மாமா?" என்றாய். "யாக்குமிஸ் நல்லா இருக்கான்" என்றேன். "எந்த யாக்குமிஸ்?" என்றாய். "எல்லா யாக்குமிஸும்" என்றேன். "தாத்தாகிட்ட குடுங்க." "தூங்கறாரு." "எழுப்புங்க." "எழுப்பினா கோபம் வரும், கோபம் வந்தா ரத்த அழுத்தம் ஏறும், நீதானே சொன்னே." நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "பின்னாடி என்ன சத்தம்?" என்றாய். "மீன் பொரிக்கறாங்க" என்றேன். அது மீன் இல்லை. உன் அத்தை மாதாவைக் கூப்பிட்டு மார்பில் அடித்துக்கொண்ட சத்தம். போனை வைத்துவிட்டுப் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டேன். அதற்குள் முழங்கால் சொன்ன வடக்கன் வந்துவிட்டது. விரிகுடாவுக்கு வெளியே கடல் வெள்ளை வெள்ளையாகக் கிழிந்துகொண்டிருந்தது.

நிகீதாஸ் துறைமுகத்துக்கு ரேடியோவில் பேசினார். காவல் படகு வேறு தீவில் இருக்கிறது, வந்துசேர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அவர் என்னைப் பார்த்து, "இப்ப காத்தோட வேக அளவு அஞ்சு. ஆறைத் தாண்டினா என்னைக் கரையிலயே நிறுத்திடுவாங்க. தாண்டறதுக்குள்ள போயிடணும்" என்றார். "தண்ணி இருக்கா அவர்கிட்ட?" இல்லை. "தொப்பி?" தொப்பி என் கையில் இருந்தது. "இதயத்துல ஏதாவது?" மாத்திரை டப்பாவைக் காட்டினேன். அவர் நங்கூரத்தைத் தூக்கச் சொன்னார். பயணிகளில் வரமாட்டேன் என்றவர்களைக் கரையில் இறக்கிவிட்டுத் திருப்பினார். பிரெஞ்சுக்காரர் இறங்கவில்லை. என் புயல் கதையின் முடிவைப் பார்க்க விரும்பினார் என்று நினைக்கிறேன்.

ஒரு மணி நேரம். அலை முன்னால் ஏறிப் பின்னால் வழிந்தது. தெஸ்பினா ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் காற்றின் எண்ணை வாசித்தாள், "அஞ்சு... அஞ்சு... அஞ்சுக்கு மேல..." என்று. ஒல்லிப்பயல் சட்டையைக் கழற்றி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். என் மகன் ஒரு மூலையில் உட்கார்ந்து, "நான் ரெண்டு தடவை சொன்னேனாப்பா?" என்று கேட்டான். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருந்தேன். திருநாளுக்கு அப்பா உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக. என் உயரத்துக்கு என்று சொல்லியிருக்கலாம், அவர் குள்ளம்தான், ஆனால் காணாமல் போனவர் அளவுதான் முறை என்று கலியோப்பியே சொன்னாள்.

கழுதைமுதுகு தெரிந்தது. ஆள் தெரியவில்லை. நிகீதாஸ் ஒரு சுற்றுச் சுற்றினார். அந்தப் பக்கத்து இடுக்கில், சட்டையைத் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, தாத்தா உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. எங்களைப் பார்த்து மெதுவாக எழுந்து, தாகத்துக்கு வாயில் அடக்கியிருந்த ஒரு கூழாங்கல்லைத் துப்பிவிட்டுக் கத்தினார்:

"என்னடா, இன்னும் எதையாவது மறந்துட்டுப் போயிட்டீங்களா?"

அலையில் படகை ஒட்ட முடியாது. ஒல்லி குதித்தான். நானும் குதித்தேன். வழுக்கி விழுந்தேன் என்று சொல்கிறார்கள், விழுந்தவன் இவ்வளவு தூரம் நீந்துவானா? மிதவை வளையத்தை நீட்டினால், தாத்தா வர மறுக்கிறார். கையில் கைக்குட்டை மூட்டை.

"உப்பு நனைஞ்சா போச்சு. முதல்ல இதுக்கு வழி பண்ணு."

"தாத்தா, உசிரு!"

"உசிரு நனையலாம்டா. உப்பு நனையக் கூடாது."

மேலே தெஸ்பினா "ஆறு!" என்று அலறினாள். நிகீதாஸ் அத்தனை புனிதர்களையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் பையை வீசினார். உப்பு அதற்குள் போய், முடிச்சு விழுந்து, ஒல்லியின் பல்லுக்கு நடுவே ஏறிய பிறகுதான் தாத்தா தண்ணீரில் கால் வைத்தார். இரண்டு மணி மாத்திரை மூன்றேகாலுக்கு உள்ளே போனது. தீவின் மருத்துவர் அன்று மாலையே பார்த்துவிட்டு, தோல் கொஞ்சம் வெந்திருக்கிறது, இதயம் தாறுமாறாக ஓடவில்லை, ரத்த அழுத்தம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்றார். நான் கேட்காமலே என்னையும் சோதித்தார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு: எல்லாம் யாக்குமிஸ் செய்த வேலை. தர்பூசணிக்காகத் தாத்தாவை விட்டவன் என்று செய்தி என் மகன் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணின் வீடு வரை போய், அவள் மூன்று நாளாக அவன் போனை எடுப்பதில்லை. அவன் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. காலம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும். உன் அம்மாவுக்கு இதைப் பக்குவமாகச் சொல். ஜெர்மன் ரொட்டியை நம்பாதே. கண்ணேறு படாமல் இருக்க உனக்காக மூன்று முறை தூ தூ என்று துப்பிவிட்டேன், இங்கிருந்தே. மாதா உன் படுக்கையையும் உன் பாதையையும் காக்கட்டும்.

உன்னை மடியில் வைத்து வளர்த்த மாமா,
அர்கிரிஸ்

பின்குறிப்பு: இத்துடன் தாத்தாவின் உப்பில் ஒரு பிடி அனுப்புகிறேன். உறையை ஒட்டப் போகும்போது அவர் வந்து எதிரே உட்கார்ந்தார். இத்தனை நாள் இதைப் பற்றி வாயைத் திறக்காத மனிதர். "அன்னிக்கு நான் பாறைக்கு அந்தப் பக்கம் இருந்தேன். என் பேரைப் படிச்சாங்க. 'இருக்கேன்'னு என் குரலே பதில் சொல்லிச்சு. அப்ப சரி, நான் போயிட்டேன் போலிருக்குன்னு நினைச்சேன்" என்றார். அவர் குரலும் என் குரலும் ஒன்று என்று உன் பாட்டி எப்போதும் சொல்வாள். பிறகு சொன்னார், "ஊரெல்லாம் யாக்குமிஸ் பண்ணின தப்புங்குது. அது என் பேருடா. இரவல் குடுத்த பேரை இப்படி அழுக்காக்கலாமா? எழுது." அதனால் எழுதுகிறேன். என் மகன் ஒரு தடவைதான் சொன்னான். என் கதையில் புயல் உச்சத்தில் இருந்தது, பிரெஞ்சுக்காரர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார், தெஸ்பினா பெயர் வாசித்துக் கதையைக் கெடுத்தாள். தொப்பியைப் பார்த்தேன், அப்பா தூங்குகிறார் என்று நினைத்தேன். மூன்றாவது "இருக்கேன்" நான் சொன்னது. தர்பூசணி நானாகச் சேர்த்தது. இதை முதலில் என் மகன் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணின் வீட்டுக்குச் சொல், பிறகு உன் அம்மாவுக்கு.