வியாழக்கிழமை சாம்பாரும் ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியும்

ஜாதவ்பூர்,
திங்கள் காலை.

சௌபாக்கியவதி தமயந்திக்கு,

மணிவேல் அன்புடனும் சற்றே பயத்துடனும் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், வீடு நலம், அடுப்பும் ஏறக்குறைய நலம். அங்கே அனுராதாவும், நீ போய் இறங்கிய மறுநாளே பிறந்த நம் பேத்தியும் நலமென்று போட்டோவில் கண்டு மகிழ்ந்தேன். மூக்கு உன்னுடையது. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் முதல் வரியிலேயே "இருங்க, இருங்க" என்று நிறுத்திவிடுவாய். ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் சிக்னல் பார்த்தவன் நான். சிவப்பைத் தாண்டிப் போய்ப் பழக்கமில்லை.

வியாழன் காலை புறப்படுமுன் நீ ஏழு டப்பாக்களில் சமைத்து அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் நாளும் வேளையும் எழுதி ஒட்டிவிட்டுப் போனாய் அல்லவா? ஞாயிறு காலை வரை அதில் ஒன்றைக்கூட நான் திறக்கவில்லை. வியாழன் இரவு கரியாஹாட்டில் ஒரு ரோல் சாப்பிட்டேன், உள்ளே என்ன இருந்தது என்று கேட்காதே. வெள்ளி காலை முனைக்கடையில் லூச்சி, அந்த மைதாப் பூரி. அதன்பின் எல்லா வேளையும் அப்படியே போய்விட்டது. நம் பையன் ஜெயந்தின் கல்யாண விஷயத்தில் நீ இட்ட உத்தரவை மட்டும் நான் மீறவில்லை. அவன் கட்டிக்கொள்ளப் போகும் ஸ்னேகாவின் பெற்றோரை நீ திரும்பி வந்த பிறகு, இலை போட்டு, பதினாறு வகை சமைத்து, முறையாக அழைப்பாய், அதுவரை நான் வாயைத் திறக்கக் கூடாது. அவர்கள் மீன் சாப்பிடுகிறவர்கள், நம் சாப்பாட்டைக் குறைத்து நினைத்துவிட்டால் சம்பந்தமே கசந்துவிடும் என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை தமயந்தி. அவர்களே வந்துவிட்டார்கள்.

நேற்று விடியற்காலை பிடித்த மழை. பத்து மணிக்கு நம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், கரண்டும் இல்லை. அப்போது பெங்களூரிலிருந்து ஜெயந்த் போன் செய்தான். ஸ்னேகாவின் அப்பாவும் அம்மாவும் காளிகாட்டில் பூஜை முடித்துத் திரும்புகிறார்கள், கரியாவில் அவர்கள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வெள்ளம், நம் வீட்டில் இறங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். "ஒரு மணி நேரத்துல வந்துடுவாங்கப்பா. பூஜைக்காகக் காலைலேர்ந்து பச்சைத் தண்ணி கூடக் குடிக்கல" என்றான். ஓட்டலில் கொண்டுவரச் சொன்னால் இந்தத் தண்ணீரில் யாரும் வருவதாக இல்லை. மார்க்கெட்டும் மூடியாயிற்று. ஃபிரிட்ஜைத் திறந்துகொண்டு, உன் கையெழுத்தைப் பார்த்தபடி நின்றேன். அப்படி ஒரு பக்தி எனக்குக் கோயிலில்கூட வந்ததில்லை.

தேங்காய் போட்ட பீன்ஸ் பொரியல் ஊசிப்போயிருந்தது, அதைக் கொட்டிவிட்டேன். மற்றவை நன்றாகவே இருந்தன. உருளைக்கிழங்குப் பொடிமாஸை உருட்டி, தட்டி, முதலில் மூன்றை எண்ணெயில் போட்டேன். மூன்றும் எண்ணெயிலேயே கரைந்து காணாமல் போயின. மிக்ஸி ஓடாததால், கல்லாகிக் கிடந்த பன்னிரண்டு இட்லிகளையும் கையாலேயே உதிர்த்து, பாதியைக் கிழங்கோடு பிசைந்து, மீதியில் புரட்டிப் போட்டேன். மொறுமொறுவென்று பொன்னிறமாக வந்தது பார், இந்த ஊர்க் கடைகளில் மாலை நேரம் விற்கும் ஆலு சாப் தோற்றது. இனி சோறு. சாம்பார் உறைந்து கெட்டியாக இருந்தது, சாதம் விறைத்துப் போயிருந்தது. மழை பெய்தால் இந்த ஊரில் எல்லா வீட்டிலும் கிச்சுடிதானே? அரிசியும் பருப்பும் குழைந்தால் கிச்சுடி. என்னிடம் அரிசி ஒரு டப்பாவில், பருப்பு ஒரு டப்பாவில். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டு, வெந்நீர் விட்டுக் கிளறினேன். நெய் ஒரு கரண்டி விடப் போனேன், ஜாடி வழுக்கிப் பாதி நெய் இறங்கிவிட்டது. அது நல்லதுக்கே என்று பிறகு தெரிந்தது.

அவர்கள் நனைந்து வந்து சேர்ந்தார்கள். ஸ்னேகாவின் அப்பா ஸர்க்கார் பாபு பூகோளப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பேசுவதே குறைவு. என் வேட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த அம்மாவுக்கு மாற்றுப் புடவை வேண்டுமே என்று பீரோவில் மேலாக இருந்த மயில்கழுத்து நிறத்தை எடுத்துக் கொடுத்தேன். அது உன் முகூர்த்தப் பட்டு என்று அவர் தடவிப் பார்த்துச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதைத் திருப்பித் தந்து, கொடியிலிருந்த உன் நூல் புடவையை அவரே எடுத்துக் கட்டிக்கொண்டார்.

ஸர்க்கார் பாபு முதல் கவளம் உண்டதும் கண்ணை மூடினார். பிறகு முருங்கைக்காயைச் சப்பி ஓரமாக வைத்துவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டார். அப்புறம் இன்னொன்று. தங்கள் வீட்டுக் கிச்சுடியில் இந்தப் புளிப்பு வராதே, எப்படிச் செய்தீர்கள் என்றார். என் மனைவியின் வீட்டு மழைக்காலச் சமையல், பக்குவம் வர மூன்று நாள் ஆகும் என்றேன். அதில் பொய் எது?

தட்டை வைக்க அந்த அம்மா சமையலறைக்குள் போனார். நான் தடுப்பதற்குள் மேடையில் வரிசையாக இருந்த காலி டப்பாக்கள் அவர் கண்ணில் பட்டுவிட்டன. தமிழ் தெரியாவிட்டால் என்ன, வேலைக்காரம்மாவுக்காக நீ பெங்காலியிலும் எழுதி ஒட்டியிருந்தாயே. ஒவ்வொன்றாகப் படித்தார். நம் பையனின் கல்யாணம் அந்த மேடையிலேயே முடிந்தது என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், லூச்சி உட்பட. அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு அண்ணன் முறை வைத்து, தாழ்ந்த குரலில் பெங்காலியில் சொன்னார்:

"தாதா, நாலு வருஷமா எங்க வீட்டு ஞாயித்துக்கிழமை சாப் எல்லாம் சனிக்கிழமைக் கறிதான். அவருக்கு இன்னும் தெரியாது. தெரியாத வீட்டுக்குப் பொண்ண அனுப்பப் போறோமேன்னு பயந்துக்கிட்டே வந்தேன். இப்ப இல்ல. இது தெரிஞ்ச வீடு."

தமயந்தி, எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் உத்தரவு அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. துர்கா பூஜை முடிந்த அடுத்த ஞாயிறு நிச்சயதார்த்தம் என்று பேசி, வெற்றிலைக்குப் பதில் கடைசி இரண்டு சாப்புகளை மாற்றிக்கொண்டோம். கோபப்படாதே. அவர்கள் புகழ்ந்தது முழுக்க உன் கைச்சமையலைத்தான், நான் வெறுமனே சூடு பண்ணியவன்.

ஆகவே இங்கே எல்லாம் சுமுகம். நீ அவசரப்படாமல் மூன்று மாதமும் இருந்து, பிள்ளையையும் தாயையும் தேற்றிவிட்டு வா. சமையல் எனக்கு இனி ஒரு விஷயமே இல்லை. மாப்பிள்ளைக்கு என் அன்பு, அனுராதாவுக்கு ஆசிகள், பேத்தியின் இரண்டு பாதத்துக்கும் தனித்தனியே முத்தம்.

உன்,
மணிவேல்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது சம்பந்தியம்மாள் போன் செய்தார். ஸர்க்கார் பாபு தன் மூன்று அக்காமார்களிடமும் அந்த மழைக்காலச் சமையலைப் பற்றிப் பெருமை பேசியிருக்கிறார். அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு மூவரும் சாப்பிட வருகிறார்கள். "ரகசியம் எங்கிட்ட பத்திரம். ருசி மட்டும் மாறக் கூடாது" என்கிறார். போனை வைத்ததும் நானே புதிதாகச் சாம்பார் வைத்துப் பார்த்தேன். பூனை முகர்ந்துவிட்டு என்னையே பார்த்தது. மேலே எழுதியதை மறந்துவிடு. அந்த ஞாயிற்றுக்கு முந்திய வியாழன் விமானத்தில் வந்து, சாம்பார் வைத்து டப்பாவில் போட்டுவிட்டு, மறு விமானத்தில் திரும்பிப் போ. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.