கியர் ஆயில் போன வழி

புதுப் படகு வாங்கியே தீருவது என்று ஈஸ்டர் அன்றைக்குத் தீர்மானம் செய்தேன். அறுபத்தாறு வயதில் செய்கிற தீர்மானம் லேசுப்பட்டதா? ஆர்டிஸ், என் மனைவி, காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"இருக்கிற போட்டுக்கு என்ன கேடு?"

"முப்பத்தோரு வருஷம் ஆச்சு."

"நமக்குக் கல்யாணமாகி நாப்பது வருஷம் ஆச்சு. உன்னை மாத்திட்டேனா?"

பேச்சை மறுபடி புதுப் படகுக்கே திருப்பினேன்.

"ரிப்பேரே பண்ண முடியாதுன்னு ஆகட்டும். அப்புறம் புதுசு பாக்கலாம்," என்றாள்.

புதுசை நான் ஏற்கெனவே கடையில் பார்த்து வைத்திருந்தேன். தட்டையான மிதவைப் படகு. மேலே பந்தல், ஓரமெல்லாம் சோபா, தம்ளர் வைக்கிற குழிக்குக்கூட நீல விளக்கு. மினசோட்டாவில் கோடையே மூன்று மாசம்தான். அதை அந்த சோபாவில் படுத்துக் கழிக்கவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

எங்கள் பழைய படகில் இன்ஜின் உள்ளே இருக்கும். கியர் பெட்டி பின்னால், வெளியே, கால் மாதிரி தண்ணீரில் தொங்கும். அந்தக் காலுக்குப் போகிற ஆயிலுக்கு இன்ஜின் பக்கத்தில் ஒரு பாட்டில். அதில் ஆயில் குறைந்தால் பீப் பீப் என்று கத்தும். கத்தினால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். சரி, ரிப்பேர் பண்ணவே முடியாத ஒழுகல் எது? கண்டுபிடிக்க முடியாத ஒழுகல். கண்டுபிடிக்கவே முடியாத ஒழுகல் எது? இல்லாத ஒழுகல். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

வான்கோழியை வாட்டும்போது அதன் சாற்றை உறிஞ்சி அதன் மேலேயே விட, ரப்பர் பந்து வைத்த பீச்சாங்குழல் ஒன்று எங்கள் சமையலறையில் உண்டு. ஜூன் மாச ஆரம்பத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அதை எடுத்துப் போய், பாட்டிலில் இருந்த ஆயிலை உறிஞ்சி ஒரு காபி டப்பாவில் விட்டேன். கியர் ஆயில் அழுகின முட்டை மாதிரி நாறும். குழலை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் காலையில் கோழி வாட்டக் குழலை எடுத்த ஆர்டிஸ், அதை மூக்குக்கிட்டே கொண்டுபோனாள். கடைக்குப் போய்ப் புதுசு ஒன்று வாங்கி வந்தாள்.

"பழசை நீயே வச்சுக்கோ, லோவெல். ஷெட்டுல எதுக்காவது ஆகும்."

எவ்வளவு நல்லவள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மத்தியானம் வீட்டை ஒட்டின ஏரியில் படகு கத்தியது.

"அடடா, ஒழுகுது போல," என்றாள்.

"இதெல்லாம் ரிப்பேர் பண்ண முடியாது."

"தேடிப் பாக்காம எப்படிச் சொல்றது? இரு, மெர்லைக் கூப்பிடறேன்."

எங்கள் ஊரில், நீ பொய் சொல்கிறாய் என்று யாரும் யாரையும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதிலாக உதவி செய்வார்கள். வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு மெர்ல், காற்றடிக்கும் பம்பும் மீட்டருமாக வந்து நின்றான்.

படகை டிரெய்லரில் ஏற்றி, ஆயிலை வடித்தோம். வடித்த துளையில் மீட்டரை மாட்டி மெர்ல் காற்றடித்தான். நான் சரளைக்கல்லில் மல்லாந்து படுத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, எங்கே குமிழ் விடுகிறது என்று பார்த்தேன். கொசுக்கள் என்னைப் பார்த்தன.

"முள்ளு அசையவே இல்லப்பா," என்றான் மெர்ல். "அரை மணி ஆச்சு. எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்கூட இவ்வளவு இறுக்கமா மூடாது."

"பாத்தியா? கண்டுபிடிக்க முடியல," என்றேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பாவம், இன்னும் நல்லாத் தேடணும்," என்றாள் ஆர்டிஸ், எலுமிச்சை ஜூஸை நீட்டியபடி. "தண்ணியைத் தள்ளுற விசிறிக்குப் பின்னாடி, ஆயில் ஒழுகாம அடைக்க ஒரு சீல் இருக்காமே. எதுக்கும் மாத்திடேன்."

மாற்றினேன். அடுத்த சனிக்கிழமையும் படகு கத்தியது. வெள்ளிக்கிழமை நான் வேலை பார்த்திருந்தேனே.

"கியர் மாத்துற கம்பிக்கும் ஒரு சீல் உண்டாம்."

"உனக்கு யாரு சொன்னா?"

"போட்டோட வந்த புத்தகத்துல போட்டிருக்கு. எழுபத்திரண்டாம் பக்கம்."

அதையும் மாற்றினேன். அப்புறம் ஹோஸ். அப்புறம் வாஷர்கள். ஜூன் போய் ஜூலை வந்தது. வெள்ளிக்கிழமை திருடன், சனிக்கிழமை போலீஸ், ஞாயிற்றுக்கிழமை இடுப்புக்கு ஒத்தடம். உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றும். அவ்வளவு அலுத்துவிட்டது. ஆனால் அந்த சோபா கண்ணை விட்டுப் போகவில்லை.

ஐந்தாவது சனிக்கிழமை அவளே வாயைத் திறந்தாள்.

"போதும் லோவெல். உன்னைப் பாக்கவே கஷ்டமா இருக்கு. இதை வித்துத் தள்ளிட்டுப் புதுசு வாங்கிடலாம்."

"நிஜமாவா?"

"நிஜமாதான். நானே போய் வாங்கிட்டு வரேன். நீ கொஞ்சம் படு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. போய்ப் படுத்தேன். மத்தியானம் எழுந்து வந்தால், மெர்ல் எங்கள் படகைத் தன் வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போகிறான்.

"ஒழுகுற போட்டை அவன் எதுக்கு வாங்குறான்?"

"ஒழுகலைன்னு காத்தடிச்சுப் பாத்ததே அவர்தானே. சீல் புதுசு, ஹோஸ் புதுசு, எல்லாம் உன் கையால மாத்தினது. அவருக்கு ரொம்ப சந்தோஷம்." துணியை மடித்துக்கொண்டே சொன்னாள், "காபி டப்பால இருந்த ஆயிலையும் குடுத்துட்டேன். வீணாப் போவானேன்."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. நாற்பது வருஷத்தில் இவளை ஒருதரம்கூட ஜெயித்ததில்லை. அது மட்டும் எனக்கு ஒவ்வொரு தடவையும் மறந்துபோகிறது.

"அப்ப... புதுப் படகு?"

"துறையில நிக்குது, போய்ப் பாரு. நான் சொன்னா சொன்னதுதான்."

ஓடினேன். என் இடுப்பு விட்ட அளவுக்கு ஓடினேன். துறையில் பச்சை நிறத்தில், ஒடுக்கமாக, கனோ என்கிற துடுப்புப் படகு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

"இதுல கியரே கிடையாது," என்றாள் பின்னாலேயே வந்த ஆர்டிஸ். "ஆயில் வேணாம், ஒழுகாது, கத்தாது. உனக்காகவே தேடிப் பிடிச்சேன்."

முன் பலகையில் மெத்தை போட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஏறு. அக்கரை வரைக்கும் போயிட்டு வரலாம்."

பின் பலகையில் ஏறி உட்கார்ந்தேன். படகில் இருந்தது ஒரே ஒரு துடுப்பு, அதுவும் என் பக்கத்தில்.