முகபாவத்தோடு ஒரு பொருளாதார வகுப்பு

"சிரிங்க," என்றாள் மனைவி மோகனா.

பரணிதரன் சிரித்தார்.

"பல்லு வலிக்குதான்னு கேப்பாங்க. கொஞ்சம் கம்மியா சிரிங்க."

வேலூரில் வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் பொருளாதாரம் நடத்துகிற பரணிதரனுக்கு அன்று மாலைக்குள் முகபாவம் வந்தாக வேண்டும். அவர் குரலில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. பாலாற்றுப் பாலம் மாதிரி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரே மட்டம். அவருக்கு இருந்ததே ஆம்பூர் பேட்ச் ஒன்றுதான். அதில் ஒரு பெண்கூட இதுவரை கேமராவைப் போட்டதில்லை. திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள்.

கோச்சிங் சென்டர் மேனேஜர் ஹெலன் காலையில் தீர்த்துச் சொல்லிவிட்டாள். "கையை ஆட்டுங்க சார், முகத்துல எதையாவது காட்டுங்க. நானும் கிளாஸ்ல உக்காந்து பாக்கப் போறேன். ஒரு கேமராவாவது ஆன் ஆவலன்னா பேட்ச் டேனியல் சாருக்குத்தான்."

அன்றைய பாடம், ஒரு பொருளைத் தின்னத் தின்னத் திருப்தி குறையும் என்கிற விதி. தம்பி வீட்டுக்கென்று மோகனா ஆற்காட்டிலிருந்து வாங்கி வைத்திருந்த மக்கன் பேடா டப்பாவைப் பரணிதரன் திறந்தார்.

முதல் பேடாவைக் கடித்து, "ஆஹா!" என்று கூவினார். எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது. திரையில் சில கட்டங்கள் மறைந்தன.

"கையை ஆட்டுங்க," என்று கதவோரத்திலிருந்து கிசுகிசுத்தாள் மோகனா.

இரண்டாவது பேடாவுக்கு மேசையில் ஓங்கித் தட்டினார். பாதி வகுப்பு போய்விட்டது.

மூன்றாவதுக்குக் கண்ணை உருட்டி, "ஐயோ, போதுமே!" என்று அலறினார். பக்கத்து வீட்டு நசீமுன்னிசா ஓடி வந்தாள்.

"இன்னாம்மா ஆச்சு சாருக்கு? ஆட்டோ கூப்பிடவா?"

"இல்லக்கா, பாடம் நடத்தறாரு."

"நல்லாத்தானே நடத்திக்கினு இருந்தாரு?"

நான்காவது பேடாவுக்கு நடிக்கத் தேவையிருக்கவில்லை. கண்ணீர் தானாக வந்தது. ஐந்தாவது வாய்க்குள் போனபோது ஹெலனைத் தவிர ஒரே ஒரு கட்டம்தான் மிச்சம்.

"போதும் சார். டேனியல் சார்கிட்ட பேசிடறேன்," என்றாள் ஹெலன்.

அந்த நேரத்தில் மிச்சமிருந்த கட்டத்தில் வெளிச்சம் வந்தது. கேமரா! பரணிதரன் பேடாவோடு கும்பிட்டார்.

திரையில் ஓர் ஐம்பது வயதுக்காரர். அவருக்குப் பின்னால் வரிசையாகத் தையல் மெஷின்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் காதில் இயர்போனோடு ஒரு பெண், வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு.

"சலாம் சார். நான் தவ்ஃபீக், ஷூ கம்பெனி சூப்பர்வைசர். உங்க ஸ்டூடன்ட்ஸ் மொத்தமும் நம்ம லைன் பொண்ணுங்கதான். தச்சிக்கினே உங்க பாடத்த கேக்கறாங்க. இன்னிக்கு ஒரே பேஜாரு சார்."

தோல் துண்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினார். நேராகப் போய்க்கொண்டிருந்த தையல் திடீரென்று ஏலகிரி மலைப்பாதையாகிவிட்டிருந்தது.

"இது நீங்க ஆஹான்னு கத்துன எடம். இது மேசைய தட்டுனது. திடுக்குன்னு கால் பெடல்ல அழுத்திடுச்சு. அதான் ஒவ்வொருத்தியா போனை ஆஃப் பண்ணிட்டா."

பரணிதரன் ஒருவழியாக விழுங்கினார். "மன்னிச்சுடுங்க பாய். பழைய மாதிரி பேசினா யாருக்கும் புடிக்கலன்னு..."

"இன்னா சார் நீங்க! ஊர்ல இருக்கற அத்தன வாத்தியாரு கிளாஸையும், அந்த டேனியல் சாருதையும் சேத்து, லைன்ல போட்டுப் பாத்துட்டு, உங்க கொரலுக்குத்தான் தையல் நேரா ஓடுதுன்னு எங்க மொதலாளி இந்த பேட்ச்சுக்கே ஃபீஸ் கட்டிக்கினு இருக்காரு!"