ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும்

மாப்பிள்ளை வீட்டார் மீன் கட்லட்டைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, வீட்டிலிருந்த அத்தனை அலாரங்களும் ஒன்றாக வீறிட்டன.

மாப்பிள்ளையின் அம்மா ஜான்சி காதைப் பொத்திக்கொண்டார். பெண்ணின் அப்பா மரியலூர்துவின் முகமோ மலர்ந்தது.

"பாத்தீங்களா சம்பந்தி! ஒயரே கிடையாது. எந்த ரூம்ல புகை வந்தாலும், விஷவாயு வந்தாலும் எல்லா ரூம்லயும் கத்தும். கடலூர்ல எத்தினி வீட்ல இருக்குது இது?"

செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை அவருக்கு. மகள் மேரி ஷாலினியைப் பெண் பார்க்க அண்ணாமலை நகரிலிருந்து வந்தவர்களுக்கு, வந்ததிலிருந்து இந்தப் பாடம்தான். மாப்பிள்ளை ராபர்ட் வாயைத் திறக்கவே வழியில்லை. கடைசியில் கை கழுவ வேண்டும் என்று உள்ளே போயிருந்தான்.

"பெருமைய அப்புறம் பேசலாம். மொதல்ல அத நிறுத்துங்க!" என்றாள் மனைவி சவரிமேரி.

"எல்லாம் நீ கட்லட் பொரிச்ச புகைதான்."

ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். சத்தம் நிற்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி ஹால் அலாரத்தைக் கழற்றினார். அது கைக்குள்ளேயே கத்தியது. பேட்டரியைப் பிடுங்கியதும் அது அடங்கியது, மற்றவை அடங்கவில்லை.

மரியலூர்துவுக்கு வேர்த்தது.

"புகையே இல்லியே... அப்ப இது கார்பன் மோனாக்சைடு! கண்ணுக்கும் தெரியாது, வாசனையும் வராது, ஆளையே சாய்ச்சிடும். எல்லாரும் வெளிய வாங்க! குனிஞ்சு, குனிஞ்சு!"

ஜான்சி பட்டுப்புடவையோடு தவழ்ந்தார். பின்னால் அவர் கணவர் ஜேக்கப், கட்லட் தட்டை விடாமல் தவழ்ந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

தெருவில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திய மரியலூர்து நெஞ்சை நிமிர்த்தினார்.

"கம்பெனி டிரில்ல கூட இவ்ளோ சீக்கிரம் யாரும் வெளிய வந்ததில்ல!"

"இந்தச் சம்பந்தமே வேணாங்க" என்று ஜான்சி முழங்கால் மண்ணைத் தட்டினார். "ராபர்ட்டு, வா போலாம். ராபர்ட்டு?"

ராபர்ட் இல்லை. ஷாலினியும் இல்லை. உள்ளே இன்னும் அலாரம் கத்திக்கொண்டிருந்தது.

"மாதாவே!" என்று சவரிமேரி தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜான்சி ஓவென்று அழ ஆரம்பித்தார். மரியலூர்து கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். ஹாலில் யாருமில்லை. சமையலறையிலும் இல்லை. பின்பக்க அறையின் கதவைத் தள்ளினார். ஷாலினி நாற்காலிமேல் ஏறி நின்று, கூரையிலிருந்த அலாரத்தில் கையை வைத்திருந்தாள். ராபர்ட் நாற்காலியைப் பிடித்திருந்தான்.

மரியலூர்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எல்லாரும் ஓடறப்ப நீ மட்டும் பயப்படாம நின்னு நிறுத்தப் பாக்குறியாம்மா! எம் பொண்ணு! பாருங்க மாப்ள, இவதான் எம் பொண்ணு!"

ராபர்ட் நெளிந்தான்.

"மாமா, அவுங்களுக்குக் கை வலிக்குதாம். டெஸ்ட் பட்டனை இனிமே நான் அமுக்கிக்கறேன். நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க, நாங்க இன்னும் பேசி முடிக்கல."