பீரோவின் வலது கதவு

சகலை வருவதற்குள் பீரோவின் வலது கதவுக்கும் நீலப் பெயிண்ட் அடித்து முடித்துவிடுவது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சபதம் எடுத்தார். சபதத்தைக் கேட்க வீட்டில் யாரும் இல்லை. மனைவி கடைக்குப் போயிருந்தாள். அவள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சபதம் எடுப்பதுதான் அவர் வழக்கம்.

இடது கதவைப் போன மாதமே அடித்துவிட்டார். ஸ்ப்ரே டின்னைக் குலுக்கி, புஸ் புஸ்ஸென்று அடித்து, இடுப்பில் கை வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"மூடி போடறதுக்கு முன்னாடி டின்னைத் தலைகீழாப் பிடிச்சு அழுத்துங்க. வெறும் காத்து வர்ற வரைக்கும்."

"தலைகீழாப் பிடிச்சா பெயிண்ட் எப்படி வரும்?"

"வரக்கூடாதுன்னுதான் சொல்றேன். பீச்சுற துளை இருக்கே, அந்த நாசில்ல பெயிண்ட் தங்கினா காஞ்சு அடைச்சுக்கும். டின்லயே போட்டிருக்கு, படிச்சுப் பாருங்க."

"படிச்சேன். முதல் வரியிலயே ஒரு புள்ளியை முழுங்கியிருக்கான். ஒரு புள்ளி வைக்கத் தெரியாதவன் எனக்குப் புத்தி சொல்றதா? அதோட படிக்கிறதை நிறுத்திட்டேன்."

அவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அடுத்தவர் பிழையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார். தன் பிழை என்று வந்தால் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், கைவேலையில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர். ஒழுகுகிற குழாய், ஆடுகிற நாற்காலி எதுவானாலும் தொட்டுச் சரி செய்துவிட்டு, "இதுக்கெல்லாமா ஆள் கூப்பிடுவாங்க அண்ணே?" என்று கேட்கிற ரகம். ஒரு கதவு நீலமும் மறு கதவு துருவுமாக நிற்கும் பீரோவைப் பார்த்து அந்த மனிதர் என்ன கேட்பார் என்பது இவருக்கு இப்போதே காதில் விழுந்தது.

டின்னைக் குலுக்கினார். உள்ளே இரும்புக் குண்டு கலகலவென்றது. அழுத்தினார். புஸ்ஸும் இல்லை, ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினார். கட்டைவிரல்தான் வலித்தது. நாசில் அடைத்துக்கொண்டிருந்தது.

மனைவி வந்ததும் "நீ சொன்னது சரிதான்" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கல்யாணமானதிலிருந்து அந்த வாக்கியத்தை அவர் சொன்னதில்லை. தையல் மிஷின் பெட்டியிலிருந்து ஓர் ஊசியை எடுத்தார். நாசிலைக் கழற்றாமலேயே, அதன் துளையில் ஊசியைச் செருகினார். துளை சரியாகத் தெரியவில்லை. டின்னை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். போகட்டும், ஒரு தடவை அழுத்தியும் பார்ப்போமே என்று ஊசியைத் திருகிக்கொண்டே அழுத்தினார்.

ஊசி படக்கென்று உடைந்தது. அடுத்த நொடி உலகமே நீலமாகிவிட்டது.

கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. நெற்றி, மூக்கு, ஊர் மெச்சிய மீசை எதுவும் தப்பவில்லை. கண்ணாடியைக் கழற்றியபோது சுவரில் மாட்டியிருந்த ஆளுயரக் கண்ணாடியில், நீல முகத்தில் இரண்டு வெள்ளை வட்டங்களோடு யாரோ ஓர் ஆந்தை நின்றது. அந்தச் சமயம் பார்த்து வாசல் கதவு திறந்தது. அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"என்னங்க ஆச்சு?"

"பல்வலி."

"பல்வலிக்கு நெத்தியை ஏன் மூடணும்? துண்டை எடுங்க."

எடுத்தார். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"டின் தானா வெடிச்சிருச்சு," என்றார். "மட்டமான சரக்கு. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"அப்படியா? சும்மா விடக்கூடாது. கிளம்புங்க. டின்னையும் காட்டுவோம், உங்க மூஞ்சியையும் காட்டுவோம்."

"ஐயோ, வேணாம். பாவம், பிழைச்சுப் போகட்டும்."

"உங்க கண்ணுல பட்டு ஒரு பிழை பிழைச்சுப் போனதா சரித்திரமே இல்லையே?"

அவள் டின்னை வாங்கி, நாசிலைத் திருகிக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஏங்க, கம்பெனிக்காரன் உள்ளே தையல் ஊசியும் வச்சு அனுப்பறானா?"

அவர் முகத்தில் அசடும் பெயிண்டும் சேர்ந்து வழிந்தன. வேஷம் கலைந்தால் சாயம் வெளுத்துவிட்டது என்பார்கள். இவருக்கு வேஷம் கலைந்தும் சாயம் வெளுக்கவில்லை. எண்ணெய் போட்டுத் தேய்த்ததில் கன்னம் ஒருவாறு வெளுத்தது. மீசை மசியவில்லை. வழித்தெடுக்க வேண்டியதாயிற்று.

குளியலறையிலிருந்து மொட்டை முகத்தோடு அவர் வெளியே வந்தபோது அவள் வேலையில் இறங்கியிருந்தாள். முன்பு தையல் மிஷின் மேஜைக்குப் பெயிண்ட் அடித்த டின் தீர்ந்தபோதே அதன் நாசிலைக் கழற்றி, பெயிண்டைக் கரைக்கிற தின்னரில் ஊறப்போட்டு வைத்திருக்கிறாள். அதைத் துடைத்து இந்த டின்னில் பொருத்தினாள். பழைய பேப்பரில் ஒரு தடவை அடித்துப் பார்த்தாள். பிறகு வலது கதவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சீராக ஓட்டினாள். கடைசியில் டின்னைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும்வரை அழுத்தி, மூடி போட்டாள். இடது கதவில் ஆங்காங்கே பெயிண்ட் கண்ணீர்போல் வடிந்த தாரைகள் இருந்தன. வலது கதவு பட்டுப்போல் இருந்தது.

சாயங்காலம் சகலை குடும்பத்தோடு வந்தார். நேரே பீரோ முன்னால் போய் நின்றார்.

"பிரமாதம் அண்ணே! யார் கைவேலை?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தான். ஏதோ நேரம் கிடைச்சுது," என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன வாய் நிற்கவும் இல்லை. "நாசிலைப் பராமரிக்கணும் தம்பி. அடிச்சு முடிச்சதும் தலைகீழாப் பிடிச்சு அழுத்தணும். அடைச்சா ஊசியைப் போடவே கூடாது. தின்னர்லதான் ஊறப்போடணும்."

சகலை ஒவ்வொன்றுக்கும் பயபக்தியோடு தலையாட்டினார்.

மனைவி டீ கொண்டுவந்து நீட்டினாள். அவள் ஆள்காட்டி விரல் நுனியில் நீலம் ஒட்டியிருந்தது. தங்கையும் தங்கை புருஷனும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல் அந்த விரலைத் தம்ளருக்கு அடியில் மடக்கிக்கொண்டாள். தன் மானம் போகக் கூடாதே என்றுதான் மடக்குகிறாள் என்று அவருக்குப் பட்டது.

டீயை அப்படியே ஜன்னல் திட்டில் வைத்தார். காலையில் முகம் முழுக்கப் பூசிக்கொண்டபோதுகூட அவருக்கு இவ்வளவு வெட்கமாக இல்லை. மீசை இருந்த இடம் குளிர்ந்தது. சகோதரிகள் இருவரும் சமையலறைக்குப் போனதும், சகலையைத் தோளில் தட்டிப் பால்கனிக்கு அழைத்துப் போனார்.

"தம்பி, தப்பாச் சொல்லிட்டேன். அந்தக் கதவு நான் அடிச்சதில்லை. உங்க அக்கா அடிச்சது. தலைகீழாப் பிடிக்கச் சொன்னதும் அவதான். நான் கேட்கலை. ஊசியை விட்டுக் குத்தி, மூஞ்சியெல்லாம் பூசிக்கிட்டு... மீசை போனதும் அதனாலதான்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. ஒரு தடவையாவது, யாரும் பிடித்துக் கொடுக்காமல், தானாக முன்வந்து தன் பிழையைத் திருத்திக்கொண்டோம் என்று நிமிர்ந்தார்.

சகலை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும் அண்ணே. 'நான்தான் அடிச்சேன்னு சொல்லுவார், தலையாட்டி வைங்க; சாப்பிட்டு எழுந்திரிச்சதும் தனியாக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிடுவார்'னு அக்கா மத்தியானமே போன் பண்ணிட்டாங்க. இன்னும் இலையே போடலையே, அதுக்குள்ள சொல்லிட்டீங்களே!"